தூக்க முடியாத தொலைநோக்கி

மகளிடமிருந்து செய்தி வந்தபோது நான் பதினொரு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் பிரேக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன். "பர்த்டேக்கு டெலஸ்கோப் வேணும்பா. சின்னது போதும். ஈஸியா தூக்கிட்டுப் போற மாதிரி." கூடவே ஒரு நிலாப் படம். வேறு எந்த அப்பாவாக இருந்தாலும், பிள்ளை போன் கேட்காமல் இதையாவது கேட்டாளே என்று சந்தோஷப்பட்டிருப்பான். நான் பயந்தேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் அவள் அம்மாவும் பிரிந்து ஆறு வருடம் ஆகிறது. ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மகள் என் வீட்டுக்கு வருவாள், ஞாயிறு மாலை திரும்பிப் போவாள். நீதிமன்றத் தாளில் அப்படி எழுதியிருக்கிறது. அதற்கு அடுத்த பத்தியிலேயே, பதினான்கு வயது முடிந்த பிறகு பிள்ளையின் விருப்பப்படி என்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போட்ட அன்று அவளுக்கு எட்டு வயது. பதினான்கு என்பது வேறு யாருடைய பிள்ளைக்கோ வரப்போகிற வயது என்பதுபோல் மளமளவென்று போட்டுக் கொடுத்துவிட்டேன். இப்போது அந்தப் பதினான்குக்கு இன்னும் பதினேழு நாள்தான் இருந்தது. தாளின்படி அவள் வந்தே ஆகவேண்டிய சனிக்கிழமை, நடுவில் ஒன்றே ஒன்று.

அந்த நேரத்தில்தான் "தூக்கிட்டுப் போற மாதிரி." எங்கே தூக்கிக்கொண்டு போக? அம்மா வீட்டு பால்கனிக்கு. தோழியின் வீட்டுக்கு. எங்கே வேண்டுமானாலும் போகலாம், என் வீட்டைத் தவிர. அந்த மூன்று சொற்களை மோட்டார் அறையில் நின்றபடி எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. கீழே காவலாளி, லிஃப்ட்டை எப்போது விடுவீர்கள் என்று கத்திக் கேட்ட பிறகுதான் போனைப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் கடைக்குப் போனேன். முன்பக்கம் மூக்குக் கண்ணாடி விற்கிற கடை, பின்னால் ஒரு அறையில் பைனாகுலரும் தொலைநோக்கிகளும். கடைக்காரர் போட்டிருந்த கண்ணாடி தடிமனாக இருந்தது. இவரே சரியாகப் பார்க்கமாட்டார் போலிருக்கிறதே, இவரிடம் போய் வானத்தைக் கேட்கிறோமே என்று ஒரு கணம் யோசித்தேன்.

"யாருக்கு சார்?"

"பொண்ணுக்கு. பதினாலு வயசு. முதல் தடவை."

"எங்க வெச்சுப் பாப்பாங்க?"

சாதாரணக் கேள்விதான். "அதான் இன்னும் முடிவாகலை" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அலமாரியில் பளபளவென்று இருந்த ஒரு பெட்டியைக் காட்டினார்.

"மொதல்ல எது வாங்கக் கூடாதுன்னு சொல்லிடறேன். அறுநூறு மடங்குன்னு பெருசா போட்டிருக்கு பாருங்க, இந்த மாதிரி பெட்டியத் தொடாதீங்க. ஆடிக்கிட்டே இருக்கிற ஒரு மங்கல் உருண்டைய அறுநூறு மடங்கு பெருசா பாக்கலாம், அவ்வளவுதான். பிள்ளை ரெண்டு நாள் பாத்துட்டுப் பரணுக்கு அனுப்பிடும்."

"அப்போ ஏன் விக்கறீங்க?"

"நான் வேணாம்னாலும் அதையே கேட்டு வாங்கிட்டுப் போறாங்களே."

அவருடைய நேர்மை பிடித்துப்போனது. கையில் எடுத்துக் காட்டியவை இரண்டு. ஒன்று, முன்னால் லென்ஸ் வைத்த நீளக் குழாய். லென்ஸின் அகலம் எழுபது மில்லிமீட்டர். மூன்று கால் ஸ்டாண்டோடு சேர்த்து நாலரைக் கிலோ. பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போகலாம். நிலாவில் பள்ளங்கள் தெரியும், சனிக்கு வளையம் இருப்பது தெரியும். இன்னொன்று மூலையில் நின்றது. என் இடுப்புக்கு மேல் உயரம், தண்ணீர்க் குழாய் போடும் ஆட்கள் தோளில் சுமந்து போவார்களே, அந்தப் பருமன். உள்ளே அடியில் எட்டு அங்குலக் கண்ணாடி. சுற்றும் வட்டப் பலகை மேல் உட்கார்ந்திருந்தது.

"இது வெளிச்சத்த எட்டு மடங்கு அதிகமா வாங்கும் சார். சின்னதுல பாத்தவங்க இதுல பாத்தா பேச்சே வராது."

"வெயிட்டு?"

"இருபத்தோரு கிலோ. ரெண்டா பிரிக்கலாம். ஆனா அதுதான் இதுல தொல்லை. பஸ்ல ஏத்தமாட்டாங்க. சின்னப் பிள்ளையால தூக்க முடியாது. ஒரு இடத்துல வெச்சா வெச்சதுதான்."

அவர் குறையாகச் சொன்னார். என் காதுக்கு அது குறையாகவே கேட்கவில்லை.

பத்தொன்பது வருடமாக நான் லிஃப்ட் பரிசோதகன். எதைத் தீர்மானிப்பதாக இருந்தாலும் பரிசோதனை ஃபாரத்தில் எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஒவ்வொரு வரிக்கும் 'சரி', 'சரியில்லை', 'குறிப்பு' என்று மூன்று கட்டம். துணி துவைக்கும் மெஷினை அப்படித்தான் வாங்கினேன். இந்த வீட்டை வாடகைக்கு எடுத்ததும் அப்படித்தான். "எனக்கும் ஒரு ஃபாரம் நிரப்பி வெச்சிருப்பீங்களே, அதக் குடுங்க, ஞாபகமா வெச்சுக்கறேன்" என்றுதான் மகளின் அம்மா கிளம்பினாள். அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் ஒரு ஃபாரத்தை விரித்து, இரண்டு தொலைநோக்கிக்கும் வரிவரியாக எழுதினேன். லென்ஸ், கண்ணாடி, நிலை, ஆட்டம், துடைக்கும் வேலை, எடை. எல்லாம் எழுதி முடித்தபோது எது வெல்லும் என்பது எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது என்று புரிந்தது. கூச்சமாக இருந்தது. இருந்தாலும் கட்டங்களை ஒன்றுவிடாமல் நிரப்பினேன்.

அக்காவுக்குப் போன் போட்டேன். ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் இருக்கிறாள். நாள் முழுக்கப் பயந்த முகங்களையே பார்ப்பதால் யார் எதற்கு நடுங்குகிறார்கள் என்று சட்டென்று கண்டுபிடித்துவிடுவாள்.

"அவ சின்னதுதானே கேட்டா, நீ ஏன்டா பீரோ சைஸுக்கு வாங்கற?"

"அதுல நல்லா தெரியும்க்கா. எட்டு மடங்கு வெளிச்சம்."

"அவளால தூக்க முடியுமா?"

"முடியாது. அதுக்கென்ன, இங்கயே மாடியில வெச்சுப் பாக்கட்டும்."

அக்கா, "டேய், நீ டெலஸ்கோப் வாங்கறியா, பூட்டு வாங்கறியா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளுக்கென்ன, இரண்டு பிள்ளைகளும் கூடவே இருக்கிறார்கள், எந்தத் தாளும் இல்லை, எந்தக் கிழமையும் இல்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. அடுப்பில் பால் இருக்கிறது என்று சப்பைக்கட்டு கட்டிவிட்டுப் போனை வைத்தேன். அடுப்பு அணைந்தே கிடந்தது.

அந்த வாரம் முழுக்க எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. ஒரு அலுவலகக் கட்டடத்துக்கான ஃபாரத்தில், லிஃப்ட் தாங்கும் எடை என்ற இடத்தில் 'எட்டு அங்குலம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் அலுவலக எழுத்தர் கூப்பிட்டு, "எத்தனை பேர் ஏறலாம்னு இத வெச்சு நான் எப்படிக் கணக்குப் போடறது?" என்று கேட்டார். பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் மட்டும், ஒருவேளை அந்த ஒரு சனிக்கிழமையும் பரீட்சை, தோழி, காய்ச்சல் என்று ஏதாவது வந்து அவள் வராமலே போய்விட்டால் என்று ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் கடைக்குப் போய்ப் பெரியதை வாங்கினேன். என் முறை இல்லாத சனிக்கிழமை என்பதால் நாள் முழுக்கச் சும்மாதான் இருந்தேன்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஐந்தாம் மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் மொட்டை மாடிக்குப் பத்தொன்பது படி. மாடிக் கதவின் சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் இருந்தது. அவர் முதலில் முகத்தைச் சுளித்தார். லிஃப்ட் கதவு கிறீச்சிடுவதை நானே பார்த்துச் சரிசெய்து தருகிறேன் என்றதும் இன்னொரு சாவியை எடுத்துக் கொடுத்தார். முதலில் அடிப்பலகையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். பிறகு குழாயைக் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு ஏறினேன். பதினான்காவது படியில் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. அங்கேயே உட்கார்ந்து, குழாயை மடியில் வைத்துக்கொண்டு, இது எவ்வளவு கனமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்று நினைத்தேன். அந்த அளவுக்குப் போயிருந்தேன்.

வியாழக்கிழமை மாலை, இருட்டத் தொடங்கியதும், அவள் வருவதற்கு முன் பழகிக்கொள்வோம் என்று பார்த்தேன். முதலில் அகப்பட்டது பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி, அதுவும் தலைகீழாக. அரை மணி நேரம் குழாயை இப்படியும் அப்படியும் ஆட்டிய பிறகு நிலா வந்து விழுந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்லத் தெரியவில்லை. ஓரமெல்லாம் குண்டும் குழியுமாக, யாரோ இப்போதுதான் வேலை முடித்துவிட்டுப் போன இடம்போல் இருந்தது. வாயைத் திறந்தபடி நின்றேன். பார்த்து முடித்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம், இதைப் பார்த்துவிட்டு எந்தப் பிள்ளையும் வராமல் இருக்காது என்பதுதான். பத்து நாளில் முதல்முறையாக அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு மகள் வந்தாள். காதில் பாட்டு, கண் போனில். "ஹாய்ப்பா" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். எப்போதும்போல் நான் டிவியைப் போட்டேன். எப்போதும்போல் அவள் ஒரு பக்கம் உட்கார, நான் எதிரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டேன். இந்த முறை என் கையில் ஒரு துருப்புச் சீட்டு இருந்ததால் அவளுடைய ஒற்றைச் சொல் பதில்கள் என்னை அவ்வளவாகத் தாக்கவில்லை. சூரியன் இறங்கியதும், "மாடிக்கு வா, ஒண்ணு காட்டறேன்" என்றேன்.

மேலே போய்க் குழாயை மூடியிருந்த போர்வையை எடுத்ததும் அவள் காதிலிருந்ததைக் கழற்றினாள்.

"அப்பா. எட்டு இஞ்சா?"

"எட்டு இஞ்ச். உனக்கு எப்படித் தெரியும்?"

"இது எங்க ஸ்கூல் ஆஸ்ட்ரானமி கிளப்புக்கே கிடையாது. வாங்கித் தரச் சொல்லி சாரே ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்காரு."

குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு சட்டென்று நின்று, "ஆனா நான் சின்னதுதானே கேட்டேன்?" என்றாள். பெரியதில்தான் நன்றாகத் தெரியும் என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். சரி என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

நான் நிலாவைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். சனியை அவளே பிடித்தாள். எனக்கு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. குனிந்து கண்ணை வைத்தவள் எழுந்திருக்கவே இல்லை. "வளையம் தனியா தெரியுதுப்பா" என்று மெல்லச் சொன்னாள். "நடுவுல இடைவெளி இருக்கு. கிளப்புல பாத்தப்ப ரெண்டு காது வெச்ச மாதிரிதான் இருந்துச்சு." என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "நீ பாரு, நீ பாரு, ஓடிடும்" என்றாள். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து எத்தனை வருடம் ஆகிறது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"நிலாவ வரையணும்ப்பா. கிளப்புல பாத்தத வரைஞ்சு வெக்கச் சொல்வாங்க. பேப்பர் இருக்கா?"

"கீழ மேஜை டிராயர்ல பழைய ஃபாரம் கிடக்கும். பின்பக்கம் வெள்ளைதான், எடுத்துக்கோ."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். அவள் இறங்கிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. பின்னாலேயே ஓட இடுப்பு விடவில்லை. போய் வர இரண்டு நிமிடம் போதும். அவள் பத்து நிமிடம் கழித்து வந்தாள். கையில் ஒரே ஒரு தாள். போன் வெளிச்சத்தை அதன்மேல் அடித்தாள்.

"இது என்னப்பா?"

"ஃபாரம்."

"ஃபாரம்னு தெரியுது. 'எடுத்துச் செல்லலாமா?' சின்னதுக்கு 'எளிது'. அதுக்கு 'சரியில்லை'ல டிக். பெருசுக்கு 'முடியாது'. அதுக்கு 'சரி'ல டிக். கீழ ரெண்டு கோடு வேற." குறிப்புக் கட்டத்தையும் படித்தாள். "'இங்கேயே இருக்கும். வந்துதான் பார்க்க வேண்டும்.'"

கட்டம் மாறிப்போய்விட்டது என்று பூசி மெழுகியிருக்கலாம். அந்த வாரம் ஒரு ஃபாரத்தில் தப்பாக எழுதியதற்கு அலுவலகமே சாட்சி. ஆனால் இரண்டு கோட்டை என்ன சொல்வது. கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றேன்.

"நீ வரணும்னுதான்" என்றேன்.

"நான் வந்துட்டுதானே இருக்கேன்."

"அடுத்த வெள்ளிக்கிழமை உனக்குப் பதினாலு முடியுது. அதுக்கப்புறம் உன் இஷ்டம்னு தாள்ல இருக்கு."

"தெரியும். அம்மா சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"உன் இஷ்டம்னு சொன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல."

தண்ணீர்த் தொட்டியின் திட்டில் உட்கார்ந்தாள். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். கீழே யாரோ லிஃப்ட்டை அழைத்தார்கள், மோட்டார் ஓடி நின்றது.

"எனக்குச் சின்னது எதுக்குன்னு நீ கேக்கவே இல்லையேப்பா."

"எதுக்கு?"

"மாசத்துக்கு ஒரு தடவை கிளப்புல மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. நிறைய பேர் அவங்கவங்களோடதத் தூக்கிட்டு வருவாங்க. நான் மட்டும் மத்தவங்களோடதுல வரிசையில நின்னு பாத்துட்டு வருவேன். அதுக்குத்தான்."

அம்மா வீட்டு பால்கனி, தோழி வீடு என்று இத்தனை நாள் நான் என்னென்னவோ கற்பனை செய்திருந்தேன். பிள்ளை வரிசையில் நிற்கிறாள் என்பது ஒருமுறைகூடத் தோன்றவில்லை. ஒரே ஒரு செய்தி அனுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் பயப்படுகிற பதில் வந்துவிடுமோ என்றுதான் கேட்காமல் இருந்தேன். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டேன்.

"அதுக்கப்புறமும் வருவியா?"

அவள் கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தெரியலப்பா. சில வாரம் வரணும்னு இருக்கும். சில வாரம் சலிப்பா இருக்கும். வந்தா நீ டிவியப் போட்டுட்டு, டிவியப் பாக்காம என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப. பரீட்சை எழுதற மாதிரி இருக்கும்." அவள் தாளை மடித்தாள். "ஆனா இது இங்க வேணாம்ப்பா. இது இங்க இருந்துச்சுன்னா, நான் வரும்போதெல்லாம் இவ என்னப் பாக்க வந்தாளா, இதப் பாக்க வந்தாளான்னு நீ யோசிச்சுக்கிட்டே இருப்ப. உன்னத் தெரியாதா எனக்கு."

என் ஃபாரத்தில் அந்த வரியே இல்லை. பதினான்கு வயது முடியாத ஒருத்தி அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டாள். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அப்படித்தான் யோசித்திருப்பேன், ஒவ்வொரு சனிக்கிழமையும், அவள் படியேறும் சத்தம் கேட்கும்போதெல்லாம்.

அதற்குப் பிறகு அவள் அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே நிலாவை வரைந்தாள். நான் போன் வெளிச்சத்தைச் சிவப்புத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்தால்தான் கண் கூசாதாம். எட்டு மணிக்குக் கீழே இறங்கிச் சாப்பிட்டோம். டிவியைப் போடவில்லை.

மறுநாள் காலையில் கடைக்காரருக்குப் போன் செய்தேன். மாற்றித் தருவதாகச் சொன்னார். படியில் குழாயின் ஒரு முனையை அவள் பிடித்தாள், ஒரு முனையை நான் பிடித்தேன். "கண்ணாடிப் பக்கம் உனக்கு, அதுதான் கனம், நீதானே ஆசைப்பட்ட" என்றாள். கடையில் பெரியதைப் பழைய மூலையிலேயே நிறுத்தினார்கள். கடைக்காரர் தன் தடிமனான கண்ணாடி வழியாக எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க வெச்சுப் பாக்கறதுன்னு முடிவாயிடுச்சா சார்?"

"முடிவாயிடுச்சு. எங்க வேணாலும்."

சின்னதை மகளே சோதித்தாள். ஸ்டாண்டின் காலை லேசாகத் தட்டி, குழாய்க்குள் தெரிந்த எதிர்க்கடைப் பலகை எவ்வளவு நேரம் நடுங்குகிறது என்று பார்த்தாள். "இது ஆடுதுப்பா, வேற ஸ்டாண்டு கேளு" என்றாள். கனமான வேறு ஸ்டாண்டு ஒன்று வந்தது. அதைத் தூக்கிப் பார்த்து, முடியும் என்று தலையசைத்தாள். மாலையில் பஸ் நிறுத்தம்வரை பையை நான்தான் சுமந்தேன். பஸ் வந்ததும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். ஜன்னலிலிருந்து கை காட்டினாள். அவளைப் பிடித்துவைக்க என்னிடம் இருந்த ஒரே பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவனாகத்தான் வீட்டுக்கு நடந்தேன். அக்காவிடம் இதைச் சொன்னபோது, முதல்முறையாகக் கிண்டல் செய்யாமல், "நல்லது பண்ணின" என்றாள். அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பதினான்கு முடிந்தது. போனில் வாழ்த்துச் சொன்னேன். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன். அடுத்த நாள் சனிக்கிழமை என் முறை இல்லை. அதற்கடுத்த சனிக்கிழமை, பழைய கணக்குப்படி, என்னுடையது.

அந்த நாள் விடியும்போதே மேகம் மூடிக் கிடந்தது. காலையிலிருந்து ஜன்னலுக்கும் போனுக்கும் நடந்தேன். வானம் இப்படி இருந்தால் மாடியில் பார்க்க ஒன்றுமில்லை, அவள் ஏன் வரவேண்டும் என்று ஒரு மனம் சொல்லும். அடுத்த நிமிடமே, வராவிட்டால் மேகத்தின் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம், அதுவும் ஒரு வசதிதான் என்று சொல்லும். மதியம் கடைத்தெருப் பக்கம் போனவன் ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். இரண்டு பேருக்குச் சாப்பிட வாங்கி வைத்துவிட்டு, தனியாக அதை நாலு நாள் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. நான்கு மணி ஆனது. நாலேகால். நாலரைக்குத் தூறல் விழுந்தது. சோபாவில் உட்கார்ந்து, இதுதான் இனிமேல் சனிக்கிழமை என்று பழகிக்கொள்ளப் பார்த்தேன்.

நாலே முக்காலுக்கு அழைப்புமணி அடித்தது.

நனைந்த தலையோடு நின்றாள். முதுகில் பள்ளிக்கூடப் பை மட்டும். என் கண் அவள் தோளுக்கும் பின்னால் இருந்த சுவருக்கும் போய்வந்தது.

"டெலஸ்கோப் எங்க?"

"வீட்ல இருக்கு. வானம் இப்படி இருக்கு, எதுக்கு அதத் தூக்கிட்டு அலையணும்?" என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்து, நேராக ஃபிரிட்ஜைத் திறந்தாள். மேல் தட்டு, கீழ் தட்டு, கதவு என்று வரிசையாகப் பார்த்தாள். "பசிக்குதுப்பா. என்ன, ஒண்ணுமே இல்ல? முட்டை கூட இல்ல?"

"வாங்கல."

"ஏன்?"

"நீ வருவியான்னு தெரியல" என்றேன்.

அவள் ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினாள்.

"இனிமே வருவேன்னு வெச்சு வாங்கி வைப்பா. வரலைன்னா நீயே சாப்பிடு."

சரி என்றேன். குடையை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் முட்டை வாங்கக் கிளம்பினோம்.